அமுக்க வேண்டாம், நீவி விடுங்கள்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நான் 1983-ல் இங்கே விலங்கியல் முடித்தவள். பிறகு பிசியோதெரபி படித்தேன். வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பார்ப்பதே என் தொழிலாகிவிட்டது. "முதுமையைப் பற்றிப் பேசுங்க" என்றார் செயலாளர். "நம்ம செட்டுக்கே அறுபது தாண்டியாச்சே, யாரோட முதுமையைப் பற்றி?" என்று கேட்டேன். சிரித்தார். நான் பேசப்போவது நம்மைப் பெற்றவர்களைப் பற்றி.

படுக்கையில் இருக்கும் ஒரு பெரியவரை ஒரு நாளில் எத்தனை பேர் தொடுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பிரஷர் பார்க்க, ஊசி போட, உடம்பு துடைக்க, டயபர் மாற்ற. எல்லாமே வேலைக்காகத் தொடுவது. வேலை இல்லாமல், அன்புக்காக மட்டும் தொடுகிற கை எத்தனை? பல வீடுகளில் ஒன்றுகூட இல்லை. நான் பார்த்தவரை, பெரிய பஞ்சம் அதுதான்.

கை கால் பிடித்து விடுவது நமக்குப் புதிதல்ல. ஆனால் பலம் உள்ள உடம்பை அமுக்குவது போலத் தளர்ந்த உடம்பை அமுக்கக் கூடாது. வயதானால் தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்துவிடுகிறது. எலும்பு பலம் இழந்திருக்கும். அதனால் நீவி விட வேண்டும். அவ்வளவுதான் வித்தை.

முதலில் அனுமதி கேளுங்கள். "அம்மா, கையைக் கொஞ்சம் நீவி விடட்டுமா?" வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். நகம் வெட்டி, மோதிரம், வாட்சைக் கழற்றி, உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெய் நாலு சொட்டுப் போதும். சுட வைத்தால் முதலில் உங்கள் மணிக்கட்டில் விட்டுப் பாருங்கள். சர்க்கரை நோயாளிக்குச் சூடு உறைக்காமல் போகலாம். மெதுவான வருடலை உணரவென்றே நம் தோலில் தனி நரம்பு இழைகள் உண்டு. விநாடிக்குச் சுமார் 3 செ.மீ. வேகத்தில் வருடினால் அவை நன்றாக விழித்துக்கொள்கின்றன. அதாவது மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை போக ஏழெட்டு விநாடி. ஒரு கைக்கு ஐந்து நிமிடம் போதும். பாதத்தில் தடவினால், எழுந்து நிற்கும் முன் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும்.

செய்யக் கூடாததையும் சொல்லிவிடுகிறேன். முதுகின் அடியில், இடுப்பில், குதிகாலில் தோல் சிவந்தோ கறுத்தோ இருந்தால் அங்கே தேய்க்கவே கூடாது. அது படுக்கைப் புண்ணின் ஆரம்பமாக இருக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் தொடாமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். உள்ளே இரத்தம் கட்டியிருக்கலாம். காய்ச்சல், புண், எலும்பு முறிவு இருந்தாலும் டாக்டரைக் கேட்காமல் செய்யாதீர்கள். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவருக்குக் கை இன்னும் லேசாக இருக்கட்டும்.

இதனால் நோய் தீருமா? தீராது. மறதி நோயாளிகளைப் பற்றி 2006-ல் வந்த காக்ரேன் மதிப்பாய்வு, கையை நீவி விடுவது படபடப்பைக் கொஞ்ச நேரத்துக்குக் குறைக்கக்கூடும் என்றது. நம்பத்தக்க ஆய்வுகள் குறைவு என்பதையும் சேர்த்தே சொன்னது. நானும் அதற்கு மேல் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

ஆனால் ஒன்று பார்த்திருக்கிறேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், வயது எண்பத்தாறு. வெளிநாட்டிலிருந்து வந்திருந்த மகன், கட்டிலுக்கு இரண்டடி தள்ளி நாற்காலி போட்டு, மருந்துச் சீட்டைப் பற்றியே என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார். "சார், கிட்ட வந்து அப்பா கையைப் பிடியுங்க" என்றேன். தயங்கினார். நம் வீடுகளில் பத்து வயதுக்குப் பிறகு எந்தப் பையன் அப்பாவைத் தொடுகிறான்? பிறகு பிடித்தார், இறுக்கமாக. "மெதுவாடா, இது என்ன பஸ் ஸ்டியரிங்கா?" என்றார் பெரியவர். இரண்டு பேருமே சிரித்துவிட்டார்கள். மகன் கையை எடுக்கவில்லை. அப்பாவும் எடுக்க விடவில்லை.

நண்பர்களே, நாம் பணம் அனுப்புகிறோம், நர்ஸ் வைக்கிறோம், வீடியோ காலில் பேசுகிறோம். எல்லாம் தேவைதான். ஆனால் பத்து நிமிடம் கையை நீவி விடுவதை வேறு ஊரிலிருந்து அனுப்ப முடியாது. பெற்றோர் இல்லாதவர்களுக்கு ஓர் அத்தையோ, பக்கத்து வீட்டுப் பாட்டியோ, நம்மைப் படிக்க வைத்த ஆசிரியரோ இருப்பார். அடுத்த முறை போகும்போது ஆப்பிள், ஹார்லிக்ஸோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். கேட்டுவிட்டுக் கையைத் தொடுங்கள்.