ரிசல்ட் வருவதற்குள் ஜாமீன் வந்துவிடுகிறது: சிறையில் பால்வினை நோய்ப் பரிசோதனை

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

இன்னைக்குப் பேசப்போற விஷயத்தை ஹால்ல ஸ்பீக்கர்ல போட்டுக் கேட்கக் கொஞ்சம் சங்கடமா இருக்கலாம். ஹெட்போன் மாட்டிக்கோங்க, ஆனா முழுசா கேளுங்க.

சிறைக்குள்ளே போகிறவர்களுக்குப் பால்வினை நோய்ப் பரிசோதனை செய்வது, நோய் இருந்தால் மருந்து கொடுப்பது. இதுதான் தலைப்பு. இதுல யாருக்கு என்ன ஆட்சேபணை இருக்கப்போகுதுன்னு தோணும். ஆனா இதைச் சரியா செய்யறதுக்கு இரண்டு கேள்விக்குப் பதில் வேணும். ஒண்ணு, அந்த ஆள் வெளியே போறதுக்குள்ள மருந்து அவர் உடம்புக்குள்ள போயிடுதா? இரண்டாவது, ரிசல்ட் எழுதின பேப்பர் யார் கையில இருக்கு? இந்த இரண்டையும் விட்டுட்டு டெஸ்ட் மட்டும் பண்ணினா பிரயோஜனம் இல்லை. சில சமயம் கெடுதலாவும் முடியும்.

முதல்ல ஒரு கணக்கு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வருஷா வருஷம் சிறைப் புள்ளிவிவரம் வெளியிடுகிறது. 2021 கடைசியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,54,034 பேர். ஆனால் அந்த ஒரே வருஷத்தில் சிறைக்குள் வந்தவர்கள் 18,06,823 பேர். உள்ளே இருப்பவர்களைப் போல மூன்று மடங்குக்கும் மேல் ஆட்கள் ஒரே வருஷத்தில் வந்திருக்கிறார்கள். ஏறக்குறைய அதே அளவு வெளியேயும் போயிருக்கிறார்கள். நாம சிறையைப் பூட்டுப் போட்ட பெட்டி மாதிரி நினைக்கிறோம். வந்துபோகிற கூட்டத்தைப் பார்த்தா அது பஸ் ஸ்டாண்டு மாதிரி.

இன்னொரு எண். அந்த 5,54,034 பேரில் சுமார் 77 சதவீதம் பேர் விசாரணைக் கைதிகள். அதாவது குற்றம் இன்னும் நிரூபிக்கப்படாதவர்கள். "குற்றவாளிக்கு எதுக்குங்க அரசு செலவுல இத்தனை வைத்தியம்?"னு கேட்கிறவங்க இதை ஞாபகம் வெச்சுக்கணும். இவர்களில் ரொம்பப் பேர் சில வாரத்திலோ சில மாசத்திலோ தன் தெருவுக்கு, தன் வீட்டுக்குத் திரும்பிப் போகப்போகிறவர்கள்.

சரி, சிறைதான் நோயைக் கொடுக்குதா? உள்ளேயும் தொற்று பரவும், அதை மறுக்க முடியாது. ஆனா நிறையப் பேர் தெரியாமலேயே வெளியிலிருந்து கொண்டுவருகிறார்கள். காசு இல்லாதவங்க, ஊசி வழியா போதைப்பொருள் எடுக்கிறவங்க, பாலியல் தொழில்ல இருக்கிறவங்க, ஊர் ஊரா வேலைக்குப் போற ஆம்பளைங்க. ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்குற இதே ஆட்கள்தான் போலீஸ் கையிலும் அதிகமா மாட்டுகிறார்கள். பலருக்கு ஒரு டாக்டர் உட்கார்ந்து முழுசா விசாரிக்கிறதே சிறையிலதான் முதல் தடவையா நடக்கும்.

இப்போ நோய்களுக்கு வருவோம். சிபிலிஸ், நம்ம ஊர்ல கிரந்தின்னு சொல்லுவாங்க. முதல்ல வலியில்லாத ஒரு புண் வரும். சில வாரத்தில் தானா ஆறிடும். ஆளும் மறந்துடுவார். அப்புறம் உடம்பில் தடிப்பு வரலாம், அதுவும் போயிடும். அதுக்கப்புறம் வருஷக்கணக்கா எந்த அறிகுறியும் இல்லாம ரத்தத்தில் இருக்கும். கடைசியில் சிலருக்கு இதயத்தையோ மூளையையோ தாக்கும். கர்ப்பிணிக்கு இருந்தால் குழந்தை வயிற்றிலேயே இறக்கலாம், அல்லது நோயோடு பிறக்கலாம். இவ்வளவு பெரிய நோய்க்கு ஆரம்பக் கட்டத்தில் வைத்தியம் என்ன தெரியுமா? பென்சத்தீன் பெனிசிலின், 24 லட்சம் யூனிட், ஒரே ஒரு ஊசி.

கிளமிடியா இன்னும் மோசம். பெரும்பாலான பெண்களுக்கு அறிகுறியே இருக்காது. கருக்குழாய் அடைபட்டு, பிறகு குழந்தை இல்லைன்னு அவங்க கோவில் கோவிலா சுத்தும்போதுதான் விஷயம் தெரியும். அப்பவும் பழி அந்தப் பெண் மேலதான் விழும்.

நம்ம நாட்டில் அரசு மையங்களில் அறிகுறியை வைத்து மருந்து கொடுக்கும் முறை இருக்கு. என்ன தொந்தரவுன்னு கேட்டு, அதுக்கேத்த கலர் கிட்டை எடுத்துக் கொடுப்பாங்க. லேப் வசதி இல்லாத இடத்தில் இது பெரிய உதவி. ஆனா தொந்தரவே இல்லாதவர் எதைச் சொல்லுவார்? அதனாலதான் உள்ளே வரும்போதே எல்லாரையும் கேட்டு டெஸ்ட் பண்ணணும்னு சொல்றது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யின் 2021 வழிகாட்டுதல், சிறைக்கு வரும் 35 வயது வரையிலான பெண்களுக்கும் 30 வயதுக்குக் கீழுள்ள ஆண்களுக்கும் நுழையும்போதே கிளமிடியா, கொனோரியா பரிசோதனை செய்யச் சொல்கிறது. கொனோரியாதான் நம்ம ஊர் வெட்டை நோய். சிபிலிஸைப் பொறுத்தவரை அந்தப் பகுதியில் எவ்வளவு பரவியிருக்கு என்பதைப் பார்த்து முடிவு செய்யச் சொல்கிறது.

இனி முதல் கேள்வி. மருந்து போய்ச் சேருதா?

நம்ம ஊர் நடைமுறையை எடுத்துக்கோங்க. ஒருத்தரை மாஜிஸ்ட்ரேட் 15 நாள் நீதிமன்றக் காவலில் வைக்கச் சொல்றார். நாலாம் நாள் ரத்தம் எடுக்கறாங்க. சாம்பிள் அரசு ஆஸ்பத்திரி லேபுக்குப் போகுது. ரிசல்ட் வர ஒரு வாரம். அதுக்குள்ள வக்கீல் ஜாமீன் வாங்கிட்டார், சாயங்காலம் ஆள் வெளியே போயாச்சு. ரிசல்ட் 'பாசிட்டிவ்'னு வந்து ஃபைலில் உட்கார்ந்திருக்கும். கணக்கில் ஒரு டெஸ்ட் கூடிடுச்சு. அந்த ஆளுக்கு எதுவும் நடக்கலை, அவர் மனைவிக்கும் நடக்கலை.

நியூயார்க் நகரத்தில் 1990-களில் இதே சிக்கல். ரைக்கர்ஸ் தீவுச் சிறைக்கு வந்த பெண்களிடம் சிபிலிஸ் அதிகமாக இருந்தது. ஆனால் வழக்கமான லேப் ரிசல்ட் வருவதற்குள் அவர்களில் பெரும்பாலோர் வெளியே போய்விடுவார்கள். மருந்து கிடைத்தது வெகு சிலருக்குத்தான். என்ன மாற்றினார்கள்? இரண்டே விஷயம். ரத்தப் பரிசோதனையைச் சிறைக்குள்ளேயே உடனடியாகச் செய்தார்கள். கூடவே நகரச் சுகாதாரத் துறையின் சிபிலிஸ் பதிவேட்டை அங்கேயே பார்க்க வழி செய்தார்கள். பிறகு மருந்து தேவைப்பட்ட பெண்களில் பெரும்பாலோருக்கு வெளியே போகும் முன்பே ஊசி கிடைத்தது.

பதிவேடு எதுக்குன்னு கேட்பீங்க. சிபிலிஸ் குணமான பிறகும் ரத்தத்தில் சில தடயங்கள் ஆயுசுக்கும் இருக்கும். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கால் மணி நேரத்தில் முடிவு சொல்கிற கிட்டுகள் இப்போ இருக்கு. அதில் பல, பழைய குணமான நோய்க்கும் பாசிட்டிவ் காட்டும். அதனால் "முன்னாடி எப்ப டெஸ்ட் பண்ணாங்க, ஊசி போட்டாங்களா?"ன்னு தெரிஞ்சுக்கணும். நோய் எவ்வளவு நாளா இருக்குன்னே தெரியலைன்னா, வாரத்துக்கு ஒண்ணா மூணு ஊசி போடணும். முதல் ஊசி உள்ளே, மீதி இரண்டு வெளியேன்னு ஆகிடும். அப்போ வெளியே யார் போடுவது என்பதையும் முதல் நாளே யோசிச்சு வைக்கணும்.

கிளமிடியாவுக்கு இப்போ முதலில் பரிந்துரைக்கப்படுவது டாக்சிசைக்ளின், தினம் இரண்டு வேளை, ஏழு நாள். முன்பு பரவலாகக் கொடுத்தது அசித்ரோமைசின் ஒரு கிராம், ஒரே வேளை. ஏழு நாள் மருந்து நல்லா வேலை செய்யும். ஆனா நாளைக்கே ஜாமீன் வரலாம்னு இருக்கிற ஆளுக்கு எது பொருத்தம்னு டாக்டர்தான் எடைபோட்டுப் பார்க்கணும். வெளியே போகும்போது மீதி மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்பணும்.

இதெல்லாம் செய்தா ஊருக்கு என்ன லாபம்? சான் பிரான்சிஸ்கோவைப் பாருங்க. அங்கே 1990-களின் பின்பாதியிலிருந்து சிறைக்கு வரும் இளம் வயதினருக்குப் பரவலாகப் பரிசோதனை செய்து மருந்து கொடுத்தார்கள். எந்தப் பகுதியிலிருந்து நிறையப் பேர் சிறைக்குப் போனார்களோ, அந்தப் பகுதி கிளினிக்குக்கு வந்த இளம் பெண்களிடம் கிளமிடியா விகிதம் 1997-லிருந்து 2004-க்குள் ஏறக்குறைய பாதியானது. சிறைக்குப் போகிறவர்கள் குறைவாக இருந்த பகுதியின் கிளினிக்கில் அப்படி ஒரு இறக்கம் இல்லை. சிறைக்குள்ள கொடுத்த மாத்திரை, சிறைப் பக்கமே போகாத பெண்களுக்கும் உதவியிருக்குன்னு இதை வெச்சு நம்பலாம்.

இப்போ இரண்டாவது கேள்வி. ரிசல்ட் யார் கையில்? இதுக்கு அமெரிக்கா வரைக்கும் போக வேண்டாம், சென்னையே போதும்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், சென்னையில். மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்ட, அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். யாரிடம்? பாலியல் தொழில் வழக்கில் பிடிபட்டு அரசுக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம். எதற்காக ரத்தம் எடுக்கிறோம் என்று அவர்களிடம் சொல்லவில்லை. பால்வினை நோய்ப் பரிசோதனை என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள். இதைப் பின்னாளில் நிர்மலாவே பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

அந்தக் காலத்தில் சம்மதம் கேட்கும் வழக்கமே பரவலாகக் கிடையாது. அந்தக் கண்டுபிடிப்பு இல்லையென்றால் நாடு இன்னும் தாமதமாக விழித்திருக்கும், அதுவும் உண்மை. ஆனால் அந்தப் பெண்களுக்கு என்ன ஆனது? எச்.ஐ.வி. இருக்கு என்பதாலேயே காப்பகத்திலிருந்து விடாமல் வைத்திருந்தார்கள். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் சென்னை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்ட பிறகுதான் விடுதலை கிடைத்தது. 1989-ல் கோவாவில் டொமினிக் டிசோசா. ரத்ததானம் செய்துவந்த இளைஞர். எச்.ஐ.வி. இருக்குன்னு தெரிந்ததும் போலீஸ் பிடித்துப்போய் 64 நாள் தனிமையில் அடைத்து வைத்தார்கள்.

நம்பிக்கை இல்லாத இடத்தில் ஆள் ரத்தம் கொடுக்கமாட்டார். கொடுத்தாலும் பொய் விலாசம் சொல்லுவார், உண்மையான துணை யாருன்னு சொல்லமாட்டார்.

இதனாலதான் சட்டங்கள் இரண்டையும் சேர்த்தே சொல்லுது. பெண் கைதிகளுக்கான ஐ.நா. விதிகள் 2010-ல் வந்தன, பாங்காக் விதிகள் என்பார்கள். உள்ளே வரும் பெண்களுக்குப் பால்வினை நோய் உட்பட முழு மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்கிறது 6-ஆம் விதி. இனப்பெருக்க நலன் சார்ந்த பரிசோதனை வேண்டாம் என்று மறுக்கவும், விவரம் சொல்லாமல் இருக்கவும் அவருக்கு உரிமை உண்டு என்கிறது 8-ஆம் விதி. நம்ம நாட்டில் 2017-ல் இயற்றி 2018-ல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டமும் அப்படித்தான். அரசின் காவலில் இருப்பவருக்குப் பரிசோதனை, ஆலோசனை, சிகிச்சை பெற உரிமை உண்டு. அவர் விவரம் புரிந்து சம்மதிக்காமல் எச்.ஐ.வி. டெஸ்ட் செய்யக்கூடாது.

அப்போ நடைமுறையில் எப்படிச் செய்யறது? பெரிய பட்ஜெட் வேண்டாம்.

சேர்க்கை நாளில் பி.பி., சுகர், சளி, ரத்தம் எல்லாத்துக்கும் ஒரே டேபிள், ஒரே வரிசை. இன்னார் 'அந்த' டெஸ்டுக்குப் போறார்னு பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியக்கூடாது. வார்டர் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் நிற்கலாம், காதுக்கு எட்டும் தூரத்தில் நிற்கக்கூடாது. "எல்லாருக்கும் இந்த டெஸ்ட் எடுக்கிறோம், வேண்டாம்னா சொல்லலாம், சொன்னா உங்க கேஸுக்கும் சலுகைக்கும் ஒண்ணும் ஆகாது"ன்னு தமிழ்ல, அல்லது அவருக்குத் தெரிந்த மொழியில் சொல்லணும். வட மாநிலத் தொழிலாளி வந்தால் இந்தியிலோ ஒடியாவிலோ சொல்ல ஆள் வேணும். முதல் நாள் பயத்திலோ போதை தெளியாத நிலையிலோ "வேண்டாம்"னு சொல்றவரை அதோட விட்டுடாம, இரண்டு மூணு நாள் கழிச்சு இன்னொரு தடவை கேட்கணும். கேட்கலாம், கட்டாயப்படுத்தக்கூடாது.

சிபிலிஸ் கிட்டில் பாசிட்டிவ் வந்தால், கூடுமானவரை அன்னைக்கே டாக்டர் பார்த்து முதல் ஊசி. ரிசல்ட் மருத்துவ ஃபைலில் மட்டும் இருக்கணும். அது சூப்பிரண்டு மேஜைக்கோ கோர்ட் கட்டுக்கோ போக வேண்டிய அவசியம் இல்லை. வெளியே போகும்போது கையில் ஒரு சீட்டு: என்ன மருந்து போட்டாச்சு, என்ன பாக்கி. அந்தச் சீட்டில் சிறையின் பெயர் இருக்கக்கூடாது. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்க்குச் சுகவாழ்வு மையம் இருக்கு, எச்.ஐ.வி. பரிசோதனைக்கு நம்பிக்கை மையம் இருக்கு. அவர் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற மையத்தின் பெயரை எழுதிக் கொடுத்தால் போதும். துணைக்கும் அங்கேயே மருந்து கிடைக்கும். துணைக்குக் கொடுக்கலைன்னா நோய் திரும்பி வந்துடலாம்.

கடைசியா, இதைக் கேட்கிற வக்கீல்களுக்கும் சட்ட உதவி மைய ஆட்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஜாமீன் கிடைத்த அன்னைக்கு உங்க கட்சிக்காரரிடம், "உள்ளே ரத்தம் எடுத்தாங்களா? ரிசல்ட் சொன்னாங்களா? மருந்து பாக்கி இருக்கா?"ன்னு மூணு கேள்வி கேளுங்க. வீட்டு ஆட்களும் இதைக் கேட்கலாம், குத்திக்காட்டாம கேட்கணும். பதில் தெரியலைன்னா, அடுத்த நாளே அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் ஒரு டெஸ்ட் எடுத்துடுங்க. வீட்டில் கர்ப்பிணி இருந்தா அந்த ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீங்க.