துடியான பிள்ளையும் பள்ளிக்கூடமும்



ஒரு பிள்ளை வகுப்பில் ஒரு நிமிஷம் உட்கார மாட்டேனென்கிறான். நோட்டை மறந்து வருகிறான். கேள்வி முடியுமுன் பதில் சொல்லுகிறான். உடனே உபாத்தியாயர் பிரம்பை எடுக்கிறார். பாட்டி கண்திருஷ்டி என்கிறாள். ஜோசியன் கிரகம் என்கிறான். பூசாரி தாயத்துக்குக் காசு கேட்கிறான். பிள்ளை கண்ட பலன் என்ன? முதுகில் தழும்பும் கழுத்தில் கயிறுந்தான்!

தோழர்களே, நான் மட்டும் யோக்கியனா? தாயத்தைப் பரிகாசம் செய்த நான், என் மகன் விஷயத்தில் பிரம்பை நம்பினேன். அதுவும் ஒரு மூட நம்பிக்கைதானே? பள்ளியை விட்டு நிறுத்தி ஒர்க்ஷாப்பில் விட்டுவிடவும் துணிந்தேன். ஒரு நாள் அவன், "அப்பா, நான் உட்காரத்தான் பார்க்கிறேன், உடம்பு எழுந்துவிடுகிறது" என்றான். அன்றுதான் எனக்குப் புத்தி வந்தது.

வைத்தியர்கள் இதற்கு ஏ.டி.எச்.டி. என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 1902-லேயே லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்னும் வைத்தியர், புத்தி குறையாத பிள்ளைகளிடமும் இத்தகைய குணங்களைக் கண்டு பிரசங்கம் செய்தார். அவர் அதை ஒழுக்கக் கட்டுப்பாட்டுக் குறை என்றார். பின்வந்த ஆராய்ச்சி, அது மூளை வளரும் விதத்தைச் சேர்ந்தது என்று திருத்தியது. விஞ்ஞானம் தன் தப்பைத் திருத்திக்கொள்ளும், ஜோசியம் திருத்திக்கொள்ளுமா?

மருந்தில்லாமல் பள்ளியில் செய்யக்கூடியது நிரம்ப உண்டு. பிள்ளையை ஜன்னலுக்கும் வாசலுக்கும் தூரமாக, முன் வரிசையில் உட்காரவையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு வேலையே சொல்லுங்கள். பத்துக் கணக்கை இரண்டிரண்டாகப் பிரித்துக் கொடுங்கள். நடுவில் கரும்பலகை துடைக்க எழுப்புங்கள். நன்றாகச் செய்தால் மாதக் கடைசியில் அல்ல, அந்த நிமிஷமே மெச்சுங்கள். விளையாட்டு நேரத்தைப் பறிக்காதீர்கள். அன்றன்று சாதித்ததை உபாத்தியாயர் ஒரு சீட்டில் குறித்தனுப்ப, வீட்டில் அதற்கொரு சிறு பரிசு கொடுங்கள். பிரம்பையோ, 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவே தடுத்திருக்கிறது.

மருந்தே கூடாதென்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வதும் இன்னொரு மூட நம்பிக்கையாகிவிடும். வேண்டுமா, வேண்டாமா என்பதை வைத்தியர் பரீட்சித்துச் சொல்லட்டும். ஆனால் மருந்து சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் மேற்சொன்ன காரியங்கள் பள்ளியில் நடந்தே தீரவேண்டும்.

என் மகன் இன்றும் வகுப்பில் எழுந்து நடக்கத்தான் செய்கிறான். ஆனால் கணக்கை முடித்துவிட்டு நடக்கிறான். ஆகவே தோழர்களே, கயிற்றை அறுங்கள், பிரம்பை ஒடியுங்கள், பிள்ளையை மட்டும் பள்ளியை விட்டு நிறுத்தாதீர்கள் என்று கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்கிறேன்.