சொன்னதெல்லாம் செய்ததாகுமா?

(வெள்ளிவிழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)

 

வெள்ளிவிழா மேடையில் கடந்த காலப் பெருமையை எடுத்துரைப்பது மரபு. அதற்கு என்னினும் தகுதி வாய்ந்த பெரியோர் பலர் இங்கு வீற்றிருக்கின்றனர். ஆகவே, இல்லந்தோறும் பயன்படக்கூடிய சிறு செய்தி ஒன்றை மட்டும் கூற விழைகின்றேன்.

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் சென்னையில் நிதி ஆலோசனை நிலையமொன்றில் பணியாற்றுகின்றார். ஒரு குடும்பத்தின் வருவாய், கடன், காப்பீடு, பிள்ளைகளின் படிப்பு, முதுமைக்காலச் செலவு ஆகியவற்றை ஆராய்ந்து திட்டம் வகுத்துத் தருவது அவர்தம் தொழில். "எங்கள் தொழிலில் கடினமான பகுதி எது தெரியுமா, ஐயா?" என்று வினவினார். கணக்கிடுவதுதான் என்றேன். "இல்லை ஐயா, கணக்கைக் கணினி போட்டுவிடும். சொன்னதைச் செய்யவைப்பதே கடினம்" என்றார்.

பின்னர், அதற்கென உள்ள மென்பொருளில் மாதிரிப் பக்கம் ஒன்றைத் திறந்து காட்டினார். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு பட்டியல் உண்டு. என்ன பணி? அதனைச் செய்ய வேண்டியவர் வாடிக்கையாளரா, அவர் துணைவியாரா, ஆலோசகரா? எந்த நாளுக்குள்? இப்போது அது தொடங்கப்படவில்லையா, நடைபெறுகின்றதா, பிறருடைய பதிலுக்காகக் காத்திருக்கின்றதா, முடிந்ததா? இவையனைத்தும் அங்கே பதிவாகின்றன. நாள் நெருங்கினால் நினைவூட்டல் செல்கின்றது. நாள் தவறினால் அவ்வரி சிவப்பாக மாறுகின்றது. ஆண்டுதோறும் செய்ய வேண்டிய பணியாயின், முடிந்தவுடன் அடுத்த ஆண்டுத் தேதியுடன் மீண்டும் பட்டியலில் ஏறுகின்றது.

அமெரிக்காவின் சி.எப்.பி. வாரியம் 2019-இல் நடைமுறைக்குக் கொணர்ந்த நெறிமுறைகளில் நிதித்திட்டமிடல் ஏழு படிகளாக வகுக்கப்பட்டுள்ளது. திட்டத்தை எடுத்துரைப்பது ஐந்தாம் படியே. நிறைவேற்றுவது ஆறாம் படி. தொடர்ந்து கண்காணிப்பது ஏழாம் படி. நம்மில் பலர் ஐந்தாம் படியிலேயே நின்றுவிடுகின்றோம். நானும் அவ்வாறே நின்றவன்.

என் இளைய சகோதரர் பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்திருந்தார். ஆண்டுக்கு 436 ரூபாய். இறப்பு நேரின் குடும்பத்திற்கு 2 லட்சம் ரூபாய். மே மாத இறுதியில் வங்கிக் கணக்கிலிருந்து அத்தொகை தானே எடுத்துக்கொள்ளப்படும். கணக்கில் பணம் இருத்தல் வேண்டும். 2023 மே மாதத்தில் அதனை அவருக்கு நினைவூட்டினேன். "சரி அண்ணா" என்றார். மீண்டும் நான் கேட்கவில்லை. ஆகஸ்டில் மாரடைப்பால் மறைந்தார், வயது 46. கணக்குப் புத்தகத்தைப் பதிவிட்டுப் பார்த்தபோது, மே இறுதியில் கணக்கில் இருந்தது 112 ரூபாய். "நீங்கள் சொன்னீர்களாம் மாமா, அவர்தான் மறந்துவிட்டார்" என்றார் அவர் மனைவி. மறந்தவர் அவர் மட்டுமா? கேட்க மறந்தவன் நான்.

நண்பர்களே! இதற்குக் கணினிதான் வேண்டுமென்பதில்லை. நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் போதும். ஆனால் அம்மென்பொருளின் ஒழுங்கு வேண்டும். "காப்பீட்டைக் கவனிக்கவும்" என எழுதுவது பயனற்றது. "மே 20-க்குள் கணக்கில் 500 ரூபாய் இருப்பு வைத்தல்" என்று எழுதுங்கள். ஒரு பணிக்கு ஒருவர் பெயரை மட்டுமே எழுதுங்கள். இருவருக்குரிய பணி எவருக்கும் உரியதன்று. ரசீதையோ பதிவையோ கண்ணால் கண்ட பின்னரே "முடிந்தது" எனக் குறியுங்கள். ஒரே நாளில் இருபது பணிகளை எழுதி மலைத்துவிடாமல், மூன்றோடு தொடங்குங்கள்.

அம்மூன்றையும் நானே கூறுகின்றேன். முதலாவது, வங்கிக் கணக்கிற்கு நாமினி பதிவு செய்தல். 2025 நவம்பர் 1 முதல் நால்வர் வரை நியமிக்கலாம். இரண்டாவது, காப்பீட்டுத் தவணை நாள். மூன்றாவது, மாணவரின் வங்கிக் கணக்கை ஆதாருடன் இணைத்தல். பட்டியலின மாணவர்க்கு, பத்தாம் வகுப்பிற்குப் பிந்தைய கல்வி உதவித்தொகையில் மத்திய அரசின் 60 விழுக்காட்டுப் பங்கு அவ்வாறு இணைந்த கணக்கிற்கே நேராக வருகின்றது. இணைப்பு இன்றேல், தகுதியிருந்தும் தொகை வந்து சேராது.

இச்சங்கத்திற்கு என் வேண்டுகோள் ஒன்றுண்டு. கல்லூரியில் பயிலும் இளைஞர் ஒவ்வொருவரும் ஐந்து குடும்பங்களின் பட்டியலைப் பொறுப்பேற்க வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறன்று அவ்வீடுகளுக்குச் சென்று, "முடிந்ததா?" எனக் கேட்க வேண்டும். கடவுச்சொல்லையோ ரகசிய எண்ணையோ எவரும் கேட்கலாகாது; ஏட்டிலும் எழுதலாகாது. பணியைச் செய்ய வேண்டியவர் வீட்டார். நினைவூட்டுவது மட்டுமே நம் கடமை.

அறிவுரை கூறுவோர் நம்மிடையே பலர் உளர். திரும்பி வந்து கேட்போரே தேவை. அந்த ஒரு கேள்வியை என் தம்பியிடம் நான் கேட்கத் தவறினேன். நீங்கள் தவறாதீர்கள்.