முதலாண்டிலேயே தொடங்க வேண்டிய பேச்சு



உயர்கல்வியும் வேலைவாய்ப்பும் குறித்த இந்தக் கருத்தரங்குக்குத் தலைமை ஏற்கப் பணித்த அமைப்பாளர்களுக்கு என் நன்றி.

மத்திய கல்வி அமைச்சகத்தின் 2021-22ஆம் ஆண்டு உயர்கல்விக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47 விழுக்காடு. நாடு முழுமைக்கும் அது 28.4தான். பெருமைக்குரிய எண். ஆனால் நம் அரசுக் கலைக் கல்லூரி வகுப்பறைகளில் இருப்பவர்களில் ஏராளமானோர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். அவர்களுக்கு அறிவிலோ உழைப்பிலோ குறையில்லை; எதை எப்போது செய்ய வேண்டும் என்று சொல்லத்தான் வீட்டில் ஆளில்லை.

இயற்பியல் படிக்கும் ஒரு மாணவரை எடுத்துக்கொள்வோம். ஐஐடிகளில் எம்.எஸ்சி. சேர 'ஜாம்' தேர்வு எழுத வேண்டும். விண்ணப்பம் வழக்கமாகச் செப்டம்பரில் திறந்து அக்டோபரில் முடிந்துவிடும், தேர்வு பிப்ரவரியில். அந்த நாட்களில் நம் மாணவர் ஐந்தாம் பருவத்தின் உள்மதிப்பீட்டிலும் ரெக்கார்டு நோட்டிலும் மூழ்கிக் கிடக்கிறார். பிரிவு உபசார விழாவெல்லாம் முடிந்த பிறகு துறை வாசலில் வந்து நின்று, "மேலே என்ன சார் படிக்கலாம்?" என்று கேட்கிறார். அவருக்குப் பதில் சொல்ல வேண்டிய நாள் ஆறு மாதத்துக்கு முன்பே போய்விட்டது.

சான்றிதழ்களின் கதை இதைவிட வருத்தமானது. மாநில அரசு தந்த சாதிச் சான்றிதழே மத்திய அரசுத் தேர்வுக்கும் போதும் என்று நம்பியிருக்கும் மாணவிகள் எத்தனையோ பேர். அங்கே கேட்கப்படும் ஓபிசி சான்றிதழ் வேறு; வசதி படைத்த பிரிவில் வரவில்லை என்ற உறுதியும் அதில் இருக்க வேண்டும். மாநில அரசுப் பணிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. 2020இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பள்ளிப் படிப்பையும் தமிழ்வழியிலேயே படித்ததற்குச் சான்று காட்ட வேண்டும். தொடக்கப் பள்ளி ஒரு ஊர், மேல்நிலைப் பள்ளி இன்னொரு ஊர் என்று படித்த பிள்ளை, சான்றிதழ் சரிபார்ப்புக்கு நாள் குறித்த பிறகு தலைமையாசிரியர்களைத் தேடி ஓடுகிறார். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் தலைப்பெழுத்து, ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, வங்கிப் புத்தகத்தில் வேறொரு எழுத்துக்கூட்டல் என்றிருந்தால் அலைச்சல் இன்னும் கூடும். முதலாம் ஆண்டிலேயே பொறுமையாகச் சரிசெய்துகொள்ளக்கூடியவை இவை.

2022 மார்ச் 1 அன்று தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் திறன் பயிற்சியைக் கல்லூரிக்குள்ளேயே கொண்டுவந்திருக்கிறது. நல்ல முயற்சி. அந்தப் பாடங்களை மதிப்பெண்ணுக்காக மட்டும் முடித்துவிட்டுப் போகாமல் இருப்பது மாணவர் கையில் இருக்கிறது.

முதலாண்டிலிருந்தே வேலையைப் பற்றிப் பேசினால் படிப்பு கெடாதா என்று கேட்கும் ஆசிரியர்களை நான் மதிக்கிறேன். மூன்று ஆண்டும் பயிற்சி மையத்திலேயே கழித்துவிட்டு வகுப்புக்கு வராமல் இருப்பதை நானும் ஏற்கமாட்டேன். ஆனால் பாடத்தை ஒழுங்காகப் படிப்பதைவிடப் பெரிய ஆயத்தம் இல்லை. ஜாம் தேர்வில் தெரிவுகளே தராமல், கணக்கிட்டு எண்ணை மட்டும் விடையாகக் கேட்கும் பகுதி ஒன்று உண்டு. முக்கிய வினாக்கள் என்று விற்கும் கைடை மனப்பாடம் செய்தவருக்கு அங்கே வழியில்லை. தானே கணக்குப் போட்டுப் பழகியவருக்கு உண்டு. அந்தப் பழக்கம் முதல் பருவத்தில் வந்தால்தான் ஐந்தாம் பருவத்தில் கைகொடுக்கும்.

வேலைவாய்ப்புப் பிரிவை இறுதியாண்டு மாணவர்களுக்கு மட்டும் உரியதாக வைத்திருப்பது நாம் செய்யும் தவறு என்றே கருதுகிறேன். இந்த இரண்டு நாள் அமர்வுகளில் வாசிக்கப்படும் கட்டுரைகள் இதை நேரடியாகப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். துறைத் தலைவர்களிடம் ஒரு வேண்டுகோள்: வரும் கல்வியாண்டில், முதலாண்டு வகுப்பு தொடங்கும் வாரத்திலேயே, உங்கள் துறை மாணவர் எழுதக்கூடிய தேர்வுகளின் பெயர், விண்ணப்ப மாதம், தேவையான சான்றிதழ் ஆகியவற்றை ஒரே தாளில் தமிழில் அச்சிட்டு ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள். மாணவர்களே, அந்தத் தாள் வரும்வரை காத்திராமல், நாளைக்கே உங்கள் ஆசிரியரிடம் போய்க் கேளுங்கள்.