ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டு

(உயர் தொழில்நுட்ப ஆய்வகப் பொறுப்பாசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)

மதிய உணவுக்குப் பிந்தைய வகுப்பு எனக்குக் கிடைத்திருக்கிறது. ஆகவே என் தவறு ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். அடுத்தவர் தவறைக் கேட்கும்போது யாருக்கும் தூக்கம் வராது.

எங்கள் பள்ளியில் படித்து, இப்போது அமெரிக்காவில் வேலை பார்க்கும் ஒருவர் ஐந்து மடிக்கணினிகளைக் கொண்டுவந்து கொடுத்தார். ஆய்வகத்தில் வைத்தோம். பள்ளியின் வைஃபை சில நாள் அவற்றில் தெரியும். பல நாள் தெரியவே தெரியாது. அதே நேரத்தில் என் கைப்பேசியில் முழுக்கோடு காட்டும். இரண்டு மாதம் போராடினேன். கடைசியில், "தம்பி, நீங்கள் கொடுத்தவை பழுது" என்று அவருக்குச் செய்தி அனுப்பிவிட்டு, ஐந்தையும் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்திதான் கேட்டாள்: "சார், உங்க போன்ல ஹாட்ஸ்பாட் போட்டுப் பாத்தீங்களா?" போட்டேன். ஐந்தும் உடனே இணைந்தன. இயற்பியல் ஆசிரியன் நான், எனக்குத் தோன்றவில்லை.

காரணம் இதுதான். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் 13 சேனல்கள் உண்டு. நம் நாட்டில் 13-ம் பயன்படுத்தலாம், ஐரோப்பாவிலும் அப்படியே. அமெரிக்காவில் விற்கும் கருவிகள் பொதுவாக 11-உடன் நின்றுவிடும். அங்கே 2483.5 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள பகுதி பாதுகாக்கப்பட்டது. அதற்குள் அலை கசியக் கூடாது என்பதில் கண்டிப்பு அதிகம். ஜப்பானில் பழைய வகை வைஃபைக்கு 14-வது சேனலும் உண்டு. எங்கள் ரவுட்டர் தானாகச் சேனல் தேர்ந்தெடுக்கும். மின்சாரம் போய் வரும்போதெல்லாம், நெரிசல் இல்லாத 13-க்குப் போய் உட்கார்ந்துகொண்டது. அமெரிக்க மடிக்கணினிகளுக்கு அப்படியொரு சேனல் இருப்பதே தெரியாது. சேனலை 6 என்று நிலைநிறுத்தினேன், முடிந்தது.

வலுவும் நாட்டுக்கு நாடு மாறும். இதே அலைவரிசையில், ஆன்டெனாவின் பங்கையும் சேர்த்து, இங்கே 4 வாட் வரை போகலாம். ஐரோப்பாவில் 100 மில்லிவாட்தான். நாற்பது மடங்கு வித்தியாசம்! இயற்பியல் ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு நாட்டிலும் அந்த அலைவரிசையின் பக்கத்து வீட்டில் குடியிருப்பவர் வேறு.

சேனல் கோளாறு தெரியும் முன்பே, பழுது பார்க்க வந்தவர் ஒரு யோசனை சொல்லியிருந்தார். "செட்டிங்கில நாட்டை மாத்திட்டா சிக்னல் பிச்சுக்கும் சார்." மாற்றவும் கை போனது. நல்லவேளை, தலைமையாசிரியர் கூப்பிட்டுவிட்டார்.

ஏன் நல்லவேளை என்கிறேன்? 2009-இல் போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் விமான நிலைய வானிலை ரேடாரில் குறுக்கீடு தெரிந்தது. விமானம் இறங்கும்போது திடீரென்று திசை மாறும் காற்றைக் காட்டிக்கொடுக்கும் ரேடார் அது; 5600 முதல் 5650 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. தேடிப்போனால், இணைய சேவைக்காக உயரத்தில் பொருத்திய 5 கிகாஹெர்ட்ஸ் கருவிகள்! அந்த அலைவரிசைக்கு ஒப்புதல் பெற்ற ரவுட்டர், பேசும் முன் ஒரு நிமிடம் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். ரேடார் ஒலித்தால் பத்து விநாடிக்குள் விலகி, அரைமணி நேரம் அந்தப் பக்கம் வரக் கூடாது. ரவுட்டர் தன்னை எந்த நாட்டில் இருப்பதாக நினைக்கிறதோ, அதைப் பொறுத்தே இந்த ஒழுங்கு நடக்கும். 2016-இல் டி.பி.-லிங்க் நிறுவனம் அமெரிக்காவில் 2 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அதன் சில ரவுட்டர்களில் பயனாளரே நாட்டை மாற்றி, அனுமதித்த அளவைவிட வலுவாக இயக்க முடிந்தது என்பதுதான் குற்றம்.

நம் நாட்டு நிலைமைக்கு வருகிறேன். 2005-இல் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கும், 2018-இல் 5 கிகாஹெர்ட்ஸில் பெரும்பகுதிக்கும் உரிமம் தேவையில்லை என்று மத்திய அரசு அறிவித்தது. உரிமம்தான் வேண்டாம், கருவிக்கு வகை ஒப்புதல் வேண்டும். மெதுவாக ஓடும் மின்சார ஸ்கூட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டுபவருக்கு லைசென்ஸ் தேவையில்லை, ஆனால் வண்டி சோதனையில் தேறியிருக்க வேண்டும். இங்கே அந்த ஒப்புதலைத் தருவது தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு. அமெரிக்காவில் எஃப்.சி.சி. ஐரோப்பாவின் சி.இ. குறியோ, விதிகளுக்கு உட்பட்டதுதான் என்று தயாரிப்பாளரே பொறுப்பேற்று இடுவது. ஒரு நாட்டின் சீட்டு இன்னொரு நாட்டில் செல்லாது. ஆகவே யாராவது வெளிநாட்டிலிருந்து ரவுட்டர் அனுப்பட்டுமா என்று கேட்டால், இங்கேயே வாங்கித் தரச் சொல்லுங்கள். எவ்வளவு உயர்ந்த மாடலாக இருந்தாலும் சரி.

வகுப்பறைக்கும் ஒன்று சொல்கிறேன். பழைய கருவியின் அடியில் எஃப்.சி.சி. எண் இருந்தால், பிள்ளைகளை அந்த ஆணையத்தின் இணையதளத்தில் தேடச் சொல்லுங்கள். சோதனை அறிக்கை இருக்கும். பல கருவிகளுக்கு உட்பகுதியின் படங்களும் இருக்கும். திருப்புளி இல்லாமலே திறந்து பார்க்கலாம். எங்கள் பிள்ளைகள் ஒரு பாடவேளை முழுக்க ஆன்டெனா எங்கே என்று தேடினார்கள்.

பழைய மாணவருக்கு அன்று மாலையே போன் செய்தேன். மடிக்கணினிகளில் பழுது இல்லை, தவறு என்னுடையது என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சார், அந்த ஐந்தும் இப்ப பீரோவிலயா இருக்கு?" என்றார். இல்லை, பிள்ளைகள் கையில் இருக்கிறது என்றேன்.