காலந் தவறாக் கருனி

கடைசல் இயந்திரத்தைக் கணினிப் பலகை ஆளுமிடத்து, கட்டளை சரியாயிருந்தால் மட்டும் போதாது. உரிய கணத்திற் சென்றடையவும் வேண்டும். சில மில்லிசெக்கன் பிந்தினும் வெட்டுப் பிழைக்கும். உளி முறிந்து தொழிலாளி காயமுறவுங்கூடும்.

சாதாரண லினக்ஸ் கருனி சராசரி வேகத்தையே நாடுவது. ‘பிரீஎம்ட் ஆர்ரி’ என்னுந் திருத்தமோ, அவசரப் பணிக்காக ஏனையவற்றை இடைநிறுத்தித் தாமதத்துக்கு எல்லை வகுப்பது. ஏறத்தாழ இருபதாண்டுகள் தனி ஒட்டாக வளர்ந்த இது, 2024இல் 6.12ஆம் பதிப்புடன் மூலக் கருனியிலே கிடைக்கலாயிற்று. பலகையின் செயலிக்கு அவ்வசதி உண்டாயின், அப்பதிப்பையோ பிந்தியதையோ தெரிந்து, தொகுக்கும்போது அத்தெரிவை இயக்குக. பழைய கருனியாயின், அதே பதிப்பெண்ணுக்குரிய ஒட்டையே இடுக.

பின்னர், பலகைக்கு முழுச் சுமையேற்றிப் பல மணிநேரம் தாமதத்தை அளந்திடுக. சராசரியன்று, கண்ட மிகப் பெரிய தாமதமே கணக்கு. அதனை அறிந்தபின்னரே உளியைப் பூட்டுக.