புழுங்கல் அரிசியும் கை-வர்க்கக் கணக்கும்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பரிசளிப்பு விழாவில் பேச வருகிறவர்கள் கல்வியின் பெருமையைப் பேசுவது வழக்கம். அதை எனக்கு முன் பேசியவர்கள் நன்றாகவே பேசிவிட்டார்கள். நான் ஒரு கணக்கைச் சொல்ல வந்திருக்கிறேன். யாரும் பயப்பட வேண்டாம். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும். அந்தக் கணக்குக்குக் கை-வர்க்கச் சோதனை என்று பெயர். கல்லூரியில் கை-ஸ்குவேர் என்பார்கள். இந்தக் 'கை' நம் உடம்பில் இருக்கிற கை அல்ல. கிரேக்க எழுத்து ஒன்றின் பெயர். இலண்டனில் கார்ல் பியர்சன் என்ற பேராசிரியர் 1900-ஆம் ஆண்டில் இதை வெளியிட்டார்.

இது நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். ஜொகூர் மாநிலத்தில் சுமார் 70 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பல, 150 பிள்ளைகள்கூட இல்லாத சிறிய பள்ளிகள். தோட்டத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, ஆட்கள் பட்டணம் போனார்கள், பள்ளியில் பிள்ளைகள் குறைந்தார்கள். யு.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்த காலத்தில் (2021-இல் அதை எடுத்துவிட்டார்கள்) இப்படிப்பட்ட பள்ளியில் 5 பேர் தேர்வு எழுதி 4 பேர் தேறினால் 80 விழுக்காடு. அடுத்த ஆண்டு 5 பேர் எழுதி 3 பேர் தேறினால் 60 விழுக்காடு. உடனே பேச்சு கிளம்பும்: "இருபது விழுக்காடு சரிஞ்சு போச்சுங்க! வாத்தியார்மாருங்க சரியில்லே. பிள்ளையை வேற பள்ளிக்கு மாத்திப்புடணும்." அந்த இருபது விழுக்காடு என்பது யார்? ஒரே ஒரு பிள்ளை. தேர்வன்று அதற்குக் காய்ச்சலாக இருந்திருக்கலாம். தேர்வு போய்விட்டாலும் இந்த மாதிரிப் பேச்சு போகவில்லை. இப்படி நாலு குடும்பம் கிளம்பினால் சிறிய பள்ளி என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரியும்.

ஆகவே ஒரு வித்தியாசம் கண்ணில் பட்டால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இது காரணத்தோடு வந்த வித்தியாசமா, அல்லது சும்மா தற்செயலாக வந்திருக்கக் கூடியதா? கை-வர்க்கக் கணக்கு அந்தக் கேள்விக்குத்தான் பதில் தேடுகிறது.

இதை விளக்க வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. நம் நாட்டில், நம் சோற்றுப் பானையில் நடந்த கதை ஒன்று இருக்கிறது.

நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் மலாயாவில் பெரிபெரி என்றொரு நோய் ஆளைக் கொன்று கொண்டிருந்தது. கால் மரத்துப் போகும், வீங்கும், நடக்க முடியாது, கடைசியில் இருதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளிகள் கூட்டம் கூட்டமாக மாண்டார்கள். ஆனால் தோட்டங்களில் இருந்த நம் தமிழர்களுக்கு அது அபூர்வம். ஏன்? ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். இனம் என்றார்கள், இடம் என்றார்கள், தொற்று என்றார்கள். நெகிரி செம்பிலானில் இருந்த பிராடன் என்ற மருத்துவர் மட்டும் சோற்றைப் பார்த்தார். சீனர்கள் சாப்பிட்டது ஆலையில் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. நம்மவர்கள் சாப்பிட்டது இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த புழுங்கல் அரிசி. அரிசியில்தான் சூட்சுமம் என்றார் அவர்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். இத்தனை சீனர் இறந்தார்கள், இத்தனை தமிழர் இறந்தார்கள் என்று எண்ணிக் கணக்குப் போட்டிருந்தால் அரிசிதான் காரணம் என்று முடிவு கட்டியிருக்கலாமா? முடியாது. சுரங்கத்து ஆளுக்கும் தோட்டத்து ஆளுக்கும் அரிசி மட்டுமா வேறு? வேலை வேறு, குடியிருப்பு வேறு, குழம்பு வேறு. எந்த வேற்றுமை நோயைத் தடுத்தது என்று எந்தக் கணக்கும் பிரித்துச் சொல்லாது. கணக்கு நன்றாக இருந்தாலும் ஆட்களைப் பிரித்த விதம் சரியில்லை என்றால் பயனில்லை.

கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர் இருந்தார். 1905 டிசம்பரில் அவர் அங்கிருந்த நோயாளிகளைச் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தினார். பெரட்டுக் களத்தில் ஆள் எண்ணுவது போல ஒரு பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார். ஒற்றைப்படை எண் வந்தவர்கள் எல்லாம் ஒரு கட்டடம். இரட்டைப்படை எண் வந்தவர்கள் எல்லாம் எதிரே இருந்த, அதே மாதிரியான இன்னொரு கட்டடம். ஒற்றைப்படைக்குப் பழையபடி சயாம் பச்சரிசி. இரட்டைப்படைக்கு இந்தியப் புழுங்கல் அரிசி. மற்றச் சாப்பாடு எல்லாம் ஒன்றே. என்ன இனம், என்ன வயது, யார் பலசாலி என்று பார்க்கவில்லை. எண்ணிக்கை எங்கே விழுந்ததோ அங்கே போனார்கள். இதைத்தான் நியாயமான பிரிவு என்கிறேன்.

1906 முடிவில் எண்ணிப் பார்த்தார். பச்சரிசி சாப்பிட்டவர்கள் 120 பேர். அவர்களில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கல் அரிசி சாப்பிட்டவர்கள் 123 பேர். அவர்களில் பெரிபெரியால் ஒருவர்கூட இறக்கவில்லை. 1907-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் இது வெளிவந்தது.

(அந்த நோயாளிகளிடம் சம்மதம் கேட்டார்களா என்று என்னைக் கேட்காதீர்கள். இன்றைக்கு இப்படிச் செய்ய எந்த மருத்துவமனையும் அனுமதிக்காது. அந்த 18 பேரை நினைத்துக்கொண்டுதான் மேற்கொண்டு கணக்குப் போடுகிறேன்.)

18-க்கு எதிரே 0. இதுகூடத் தற்செயலாக வரலாமே என்று ஒருவர் வாதாடலாம். அதையும் பார்த்துவிடுவோம். ஒரு கோணிச் சாக்கில் 243 ரப்பர் கொட்டைகளைப் போடுங்கள். அவற்றில் 18-க்கு மட்டும் சுண்ணாம்பால் அடையாளம் வையுங்கள். நன்றாகக் குலுக்கி, கண்ணைக் கட்டிக்கொண்டு 120 கொட்டைகளை எடுங்கள். சுண்ணாம்புக் கொட்டை எத்தனை வரும்? சாக்கில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக எடுக்கிறோம். ஆகவே ஏறத்தாழ 9 வரும். ஒரு தடவை 7 வரும், இன்னொரு தடவை 11 வரும். அதெல்லாம் சகஜம். பதினெட்டும் உங்கள் கையிலேயே வந்து, சாக்கில் ஒன்றுகூட மிச்சமில்லை என்றால்? "சாக்குல ஏதோ வேலை நடந்திருக்கு" என்பீர்கள். கை-வர்க்கம் அதையே எண்ணில் சொல்கிறது.

அரிசிக்கும் சாவுக்கும் சம்பந்தமே இல்லை என்று வாதத்துக்காக ஒப்புக்கொள்வோம். அப்படியானால் 18 சாவுகளும் தலைக்கட்டுப்படி இரண்டு பக்கமும் பங்காக வேண்டும். 18-ஐ 120-ஆல் பெருக்கி 243-ஆல் வகுத்தால் 8.89. அது பச்சரிசிப் பக்கத்துப் பங்கு. மற்றப் பக்கத்துக்கு 9.11. பெரிபெரிக்குப் பலியாகாதவர்கள் மொத்தம் 225. அவர்களையும் இப்படியே பங்கிட்டால் 111.11, 113.89. இவை எதிர்பார்க்கும் எண்கள். உண்மையில் கண்ட எண்களோ 18, 0, 102, 123. நான்கு இடத்திலும் வித்தியாசம் 9.11 தான், இரண்டு இடத்தில் கூடுதல், இரண்டு இடத்தில் குறைவு.

அப்படியே கூட்டினால் கூடுதலும் குறைவும் அடித்துக்கொண்டு பூஜ்யம் ஆகிவிடும். அதனால் வித்தியாசத்தை அதனாலேயே பெருக்கி வர்க்கமாக்குகிறோம்: 83.01. பிறகு அதை அந்தந்த இடத்து எதிர்பார்க்கும் எண்ணால் வகுக்கிறோம். ஏன் வகுக்க வேண்டும்? பையில் 20 வெள்ளி வைத்திருப்பவன் 10 வெள்ளியைத் தொலைத்தால் பெரிய நஷ்டம்; 2,000 வெள்ளி வைத்திருப்பவனுக்கு அது அவ்வளவாகத் தெரியாது. அதே நியாயம்தான். வகுத்து வந்தவை 9.34, 9.11, 0.75, 0.73. கூட்டினால் 19.93. இதுதான் கை-வர்க்கம். பிளெட்சர் இந்தக் கணக்கைப் போடவில்லை. அவருடைய எண்களை வைத்து நாம் போடுகிறோம்.

சரி, 19.93 என்றால் பெரிசா சின்னதா? இரண்டுக்கு இரண்டு கட்டம் உள்ள கணக்குக்கு அளவுகோல் இது: வெறும் தற்செயல் என்றால் 3.84-ஐத் தாண்டுவது 20 தடவையில் ஒரு தடவைதான். 10.83-ஐத் தாண்டுவது ஆயிரத்தில் ஒரு தடவை. 19.93 லட்சத்தில் ஒரு தடவைகூட வராது. ஆகவே 'சம்பந்தமே இல்லை' என்று நாம் வாதத்துக்காக ஒப்புக்கொண்டதைக் கைவிட வேண்டியதுதான்.

இனிப் பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள். மாலை வகுப்புக்குப் போன 20 பிள்ளைகளில் 12 பேர் தேறினார்கள், போகாத 20 பேரில் 9 பேர் தேறினார்கள் என்று வைத்துக்கொள்வோம். 60 விழுக்காடு, 45 விழுக்காடு. பெரிய வித்தியாசம் மாதிரி இருக்கிறது. கணக்குப் போட்டால் 0.90 தான் வருகிறது. 3.84-க்குப் பக்கத்தில்கூட இல்லை. அப்படியென்றால் மாலை வகுப்பு வீண் என்று அர்த்தமா? இல்லைங்க. இத்தனை சிறிய எண்ணிக்கையை வைத்துக்கொண்டு ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. அதே 60-ம் 45-ம் இருநூறு இருநூறு பிள்ளைகளிடம் வந்தால், 120 பேர், 90 பேர், கை-வர்க்கம் பத்து மடங்காகி 9.02 ஆகிவிடும். அப்போது பேசலாம். முதலில் சொன்ன 5 பேர் கதைக்கோ இந்தச் சோதனையே பொருந்தாது; எதிர்பார்க்கும் எண் 5-க்குக் கீழே போனால் இதை நம்பிப் போடக்கூடாது என்பது வழக்கமான விதி. அங்கே அந்தப் பிள்ளையிடம் போய் என்னப்பா ஆச்சு என்று கேட்பதுதான் சரியான ஆராய்ச்சி.

இன்னொன்று. 20-இல் ஒன்று என்றேனே, அதில் ஒரு பள்ளம் இருக்கிறது. ஒன்றுக்கும் ஆகாத 20 மருந்துகளைத் தனித்தனியாகச் சோதித்தால், அதிர்ஷ்டத்தில் ஏதாவது ஒன்று 3.84-ஐத் தாண்டி நிற்கக்கூடும். அந்த ஒன்றை மட்டும் பத்திரிகையில் விளம்பரம் போடுவான். மற்றப் பத்தொன்பதைப் பற்றி மூச்சு விடமாட்டான். நாலு நம்பர் அடித்தவர் தன் கனவைப் பற்றித் தோட்டமெல்லாம் சொல்லுவார். அடிக்காதவர்களும் கனவு கண்டவர்கள்தான்.

மறுபடியும் அரிசிக்கு வருகிறேன். சம்பந்தம் உண்டு என்று கணக்கு சொல்லிவிட்டது. ஏன் என்று அது சொல்லவில்லை. பிளெட்சரும் அவசரப்படவில்லை. பச்சரிசியில் ஏதோ விஷமா, ஏதோ சத்துக் குறைவா, உடம்பு தளர்ந்து கிருமி புகுந்துவிட்டதா என்று மூன்று வழியையும் திறந்தே வைத்தார். பின்னர் பிரேசர், ஸ்டாண்டன் என்ற இருவர் நெகிரி செம்பிலான் காட்டில் சாலை போட்ட ஏறத்தாழ 300 ஜாவாக்காரத் தொழிலாளிகளை இரண்டாகப் பிரித்துச் சோதித்தார்கள். வெள்ளை அரிசி தின்ற கூட்டத்தில் நோய் வந்தது. அரிசியை மாற்றியதும் நின்றது. மற்றக் கூட்டத்துக்கு வெள்ளை அரிசி கொடுத்ததும் அங்கே வந்தது. நோய் அரிசியின் பின்னாலேயே போனது. 1926-இல் ஜாவாவில் யான்சென், டோனாத் என்ற இரு டச்சுக்காரர்கள் தவிட்டிலிருந்து அந்தச் சத்தைப் பிரித்தெடுத்தார்கள். இன்று அதை வைட்டமின் பி1 என்கிறோம். நெல்லை உமியோடு அவிக்கும்போது அந்தச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு ஆலையில் தீட்டினாலும் முழுக்கப் போவதில்லை. பச்சரிசியைத் தீட்டினால் தவிட்டோடு போய்விடுகிறது.

நம் பாட்டிமார் இதெல்லாம் தெரிந்துதான் நெல் அவித்தார்கள் என்று சிலர் மேடையில் முழங்குவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர்கள் வழக்கப்படி அவித்தார்கள். அது உயிரைக் காத்தது. எது காத்தது என்று தெரிய, வரிசையில் நிறுத்தி எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது.

ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை தருகிறேன். ரப்பர் கொட்டை கிடைத்தால் ரப்பர் கொட்டை, இல்லாவிட்டால் புளியங்கொட்டை. 243 எண்ணுங்கள், 18-க்குச் சுண்ணாம்பு வையுங்கள், பார்க்காமல் 120 எடுங்கள், சுண்ணாம்புக் கொட்டை எத்தனை என்று நோட்டில் எழுதுங்கள். நூறு தடவை செய்யுங்கள். எத்தனை தடவை 9 வந்தது, அதிகமாக வந்தது எவ்வளவு என்று உங்கள் கணக்கு ஆசிரியரிடம் காட்டுங்கள். பதினெட்டும் வந்துவிட்டது என்று யாராவது சொன்னால், ஆசிரியர் அவர்களே, முதலில் அந்தப் பையனின் சட்டைப்பையைப் பாருங்கள்.